சலவைத்தூளுக்குப் பக்கத்தில் வெடிமருந்து

நாங்கள் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு மேலே ஒரு மரத்தட்டு இருந்தது. அதில் சலவைத்தூள் பெட்டி ஒன்று, கறை போக்கும் திரவம் ஒரு போத்தல், அவற்றோடு ஒட்டி உறவாடிக்கொண்டு சில தகரப் பேணிகள். பேணிகளில் இருந்தது வெடிமருந்து. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் நான் ஏதோ கதை விடுகிறேன் என்று நினைக்கக் கூடாது. எண்பதுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில், ஒரு வீட்டின் நிலவறையில் நானும் மனைவி மலரும் வாடகைக்கு இருந்தோம். வெடிமருந்துக்குத் தப்பி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, அதற்குக் கீழே நின்று சட்டை தோய்த்தோம்.

மருந்து வீட்டுக்காரர் வால்ட்டருடையது. தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மகன் வன்கூவரில் இருந்தான். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் தொலைபேசியில் பேசுவான். வால்ட்டருக்கு இருந்த ஒரே பற்று ஒரு மேக்னம் கைத்துப்பாக்கி. சனிக்கிழமைகளில் அதைப் பூட்டிய பெட்டியில் வைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போவார். அங்கே பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று, காதை மூடிக்கொண்டு, கடதாசியைச் சுடுவார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, நிலவறை மேசையில் வைத்து, புது மருந்தும் குண்டும் அடைத்துத் திரும்பவும் தோட்டாவாக்குவார். அதற்குக் கையால் அழுத்தும் ஒரு நெம்புகோல் இயந்திரமும் சின்னத் தராசும் வைத்திருந்தார். அந்தத் தராசில் அவர் மருந்து நிறுப்பதைப் பார்க்கும்போது, மலரின் தாலிக்குப் பொன் நிறுத்த எங்கள் ஊர்த் தட்டாரின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வால்ட்டரின் கவலை எந்த மருந்தை வாங்குவது என்பதுதான். என்னுடைய கவலை அகதி விண்ணப்பத்துக்கு என்ன பதில் வரும் என்பது. இரண்டு பேரும் மேசைக்கு இரு பக்கமும் இருந்து கவலைப்படுவோம். அவர் பழைய நாளில் இருந்து வைத்திருந்தது சட்டென்று எரிந்து முடியும் மருந்து. மேக்னம் கோது நீளமானது, அதற்கு ஆறுதலாக, மெல்ல மெல்ல எரிந்து குண்டைத் தள்ளிக்கொண்டு போகும் மருந்துதான் பொருத்தம் என்று எனக்குப் பாடம் எடுத்தார். ஆறுதலாக எரிவதுதான் நல்லது என்றதும், என்னுடைய விண்ணப்பக் கோப்பும் நல்ல ஜாதிதான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒருநாள் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தூண்டில்களுக்கும் மழைச்சட்டைகளுக்கும் நடுவே, மல்லித்தூள் பேணிகளை அடுக்கியது போல வெடிமருந்தை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரரும் வால்ட்டரும் கூறைச் சேலை எடுக்க வந்த சம்பந்திமார் மாதிரி ஒவ்வொரு பேணியாக எடுத்து வைத்து நியாயம் பேசினார்கள். ஒன்று தட்டையான மணி, அளவில் சீராக விழாது. ஒன்று சுத்தமாக எரியும், ஆனால் மேக்னத்துக்கு வேகம் கூட. ஒன்று ஆறுதலாக எரியும், வாய்முனையில் பெரிய சுவாலை கக்கும், மணிக்கட்டை உலுப்பும். நான் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றேன். யாராவது வந்து எங்கள் மூன்று பேரையும் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லப் போகிறார்கள் என்றே முதுகு எதிர்பார்த்தது. வந்தது ஒரு கிழவி. மீன்பிடிக்கப் புழு இருக்கிறதா என்று கேட்டாள்.

கடைசியில் வால்ட்டர் ஆறுதலாக எரியும் மருந்தையே எடுத்தார். அவருக்கோ மணிக்கட்டில் வாதம். ஏன் இதை எடுத்தீர்கள் என்று காரில் வரும்போது கேட்டேன்.

"எனக்கு இப்போது மறதி அதிகம். பழைய மருந்து கோதில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும். மறந்துபோய் இரண்டு தரம் போட்டாலும் தெரியாது, துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். இது கோதை நிறைக்கிற மருந்து. இரண்டாம் தரம் போட்டால் வெளியே கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்," என்றார்.

காட்டிக்கொடுப்பதை ஒரு நல்ல குணமாகச் சொன்ன முதல் ஆளை அன்றுதான் கண்டேன்.

மலருக்கு இந்த நியாயம் ஒன்றும் ஏறவில்லை. அவள் கனடா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வயிற்றில் பிள்ளை. ஊரில், கொக்குவிலில், அவர்கள் வீட்டுச் சின்ன ஒழுங்கையை இராணுவம் சுற்றிவளைத்த நாளில் நான் ஏற்கெனவே இங்கே வந்திருந்தேன். அவள் அங்கேதான் இருந்தாள். தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்த சீனவெடிப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. வாசல் படலையடியில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, கிணற்றுக்குள் போட்டுவிட்டாள். வந்தவர்களில் ஒருவன் தண்ணீர் கேட்டான். அதே கிணற்றில் அள்ளிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மாமாவிடமும் அதே மாதிரி ஒரு பெட்டி இருந்தது, அவர் ஓடவில்லை. அவரைக் கொண்டுபோனார்கள். அவர் மெலிந்து திரும்பி வரும்வரை ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் தினமும் இராணுவ முகாம் வாசலுக்குப் போய், நாள் முழுக்க வெயிலில் நின்றார்கள்.

அதனால் மரத்தட்டைப் பார்த்த முதல் நாளே அவள் முடிவு சொல்லிவிட்டாள்.

"பிள்ளை பிறக்க முதல் வேற வீடு பாருங்கோ. நான் உதுக்குக் கீழ தொட்டில் கட்டமாட்டன்."

"அது அப்பிடி வெடிக்காது, மலர். மனிசன் கவனமாத்தான் வைச்சிருக்கிறார்."

"வெடிச்சா என்ன, வெடிக்காட்டி என்ன? ஆரும் வந்து பாத்தா நாங்கள் என்ன சொல்லுறது? எங்களிட்ட இன்னும் பேப்பரே இல்லை."

வால்ட்டருக்கும் எங்களிடம் ஒரு பயம் இருந்தது. மலர் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்த குத்துவிளக்கைக் கண்டு முகம் வெளுத்துப் போனார். நிலவறையில் திறந்த நெருப்பு வேண்டாம், ஆபத்து என்று பவ்வியமாகக் கேட்டுக்கொண்டார். "வீடு நிறைய வெடிமருந்தை வைச்சுக்கொண்டு இந்த மனிசன் என்ர விளக்குக்குப் பயப்பிடுது," என்று மலர் தலையில் அடித்துக்கொண்டாள். நான் வீடு தேடி டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்கள் எல்லாம் ஏறி இறங்கினேன். கையில் நிரந்தர வதிவிடப் பத்திரம் இல்லாதவனுக்கு, அதுவும் பிள்ளை பிறக்கப் போகிறது என்றால், கதவு பாதிதான் திறந்தது. நடுக்குளிரில் இவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று நான் உண்மையாகவே பயந்தேன்.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. எங்கள் நிலவறை யன்னல் தரையோடு இருந்ததால் அதில் ஆட்களின் கால் மட்டும்தான் தெரியும். மலர் பார்த்தது கறுப்புச் சப்பாத்து, சிவப்புக் கரை போட்ட காற்சட்டை. பொலிஸ். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவளைக் காணவில்லை. பின்படிக் கதவு திறந்து கிடந்து பனிக்காற்று உள்ளே அடித்தது. மரத்தட்டில் புது மருந்துப் பேணியையும் காணவில்லை.

மேலே ஓடினேன். சமையலறையில் வால்ட்டரும் ஒரு பொலிஸ்காரரும் கோப்பியும் கையுமாக யன்னலால் பின்வளவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொலிஸ்காரர் ஜோர்ஜ், வால்ட்டரின் கழகத்து நண்பர். வேலைக்குப் போகும் வழியில் அந்தப் புது மருந்தைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். வெளியே மலர், வீட்டுச் சட்டையோடு, வால்ட்டரின் பெரிய றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நிறைவயிற்றோடு பனிக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த பேணியைச் சரித்து மருந்தைக் கொட்டிக்கொண்டே ஓடினாள்.

"பாவம், பறவைகளுக்கு இரை போடுகிறாள் போல," என்றார் ஜோர்ஜ்.

எங்கள் ஊர் மண் எதையும் மறைக்கும். இந்த ஊர் வெண்பனியில் ஒவ்வொரு கரிய மணியும் எழுந்து நின்று சாட்சி சொன்னது. படியில் இருந்து வேலிவரை நீளமாக ஒரு கறுப்புக் கோடு. வேலி மூலையில் மலர் நின்றாள், சுற்றும் முற்றும் பார்த்தாள், பிறகு வெறும் பேணியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பி வந்தாள். சமையலறையில் பொலிஸ் கோப்பி குடிப்பதைக் கண்டதும் என்னிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்:

"சொல்லுங்கோ, வால்ட்டரிட்ட ஒண்டும் இல்லை எண்டு. வீடு முழுக்கப் பாக்கட்டும்."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். "என்ன இல்லை?" என்று ஜோர்ஜ் மரியாதையாகக் கேட்டார். வால்ட்டர் மட்டும் சட்டைக்குள் இருந்து எட்டிப் பார்த்த பேணியின் மூடியை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடி எடுத்த மருந்து அல்லவா?

"நீதானே உந்த வீடே வேண்டாம் எண்டு நிண்டனி? அந்தாளின்ர சாமானுக்கு ஏன் நீ உயிரை விட்டு ஓடினனி?" என்று மலரிடம் கோபத்தில் கேட்டேன்.

"வீடு வேண்டாம் எண்டுதான் சொன்னனான். மனிசனைக் கொண்டுபோகச் சொன்னனானோ? அவரைப் பிடிச்சுக்கொண்டு போனா ஆர் காம்ப் வாசல்ல போய் நிக்கிறது? அந்த மனிசனுக்கு ஆர் இருக்கினம்?"

இதையும் மொழிபெயர்க்கச் சொல்லி வால்ட்டர் கேட்டார். சொன்னேன். முகாம் என்பதையும் வாசலில் நிற்பது என்பதையும் விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. ஜோர்ஜ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். வால்ட்டர் கதிரையை இழுத்து மலரை இருத்தி, குனிந்து, அவள் காலில் இருந்த தன் சப்பாத்துகளைக் கழற்றினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பிறகு, "பரவாயில்லை. அது புல்லுக்கும் நல்லது," என்றார்.

அதன்பிறகு வீடு மாறும் பேச்சை மலர் எடுக்கவில்லை. மருந்துப் பேணிகள் கராஜில் ஒரு பூட்டிய அலுமாரிக்குப் போயின. குத்துவிளக்கு மேலே ஏறி, வால்ட்டரின் சமையலறை யன்னலடியில் இடம் பிடித்தது. அதைக் கண்காணிக்கிறேன் என்ற சாட்டில் அவர் பின்னேரங்களில் எங்களோடு இருந்து தேத்தண்ணீர் குடித்தார். மகள் பிறந்தாள். என்னுடைய கோப்பு தன் ஜாதிக் குணத்தை விடாமல் ஆறுதலாகவே எரிந்துகொண்டிருந்தது.

சித்திரையில் பனி உருகியது. வளவெல்லாம் புல் வெளிறிக் கிடக்க, படியில் இருந்து வேலி மூலைவரை மட்டும் ஒரு கோடு கரும்பச்சையாக அடர்ந்து எழுந்தது. மலர் ஓடிய பாதை. வால்ட்டர் அதை வருகிறவர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். ஆனால் ஒரு கேள்வி அவருக்குத் தீரவில்லை. கழிவறை இருக்க, குப்பைத்தொட்டி இருக்க, இவள் ஏன் அந்த வேலி மூலைக்கு ஓடினாள்?

நான் மலரிடம் கேட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் யன்னலால் பார்த்தாள்.

"அதுதானே வடகிழக்கு மூலை," என்றாள். "அங்கதானே கிணறு இருக்கும்."