சர்வேக்காரர் ஸ்டாண்டில் வைத்த கேமரா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய தாள்களில் எழுதுகிறேன். கோடு இல்லாததால் வரிகள் ஓரத்துக்குப் போகப் போக மேலே ஏறிவிடுகின்றன. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். வீடு ஆமத்தூரில். ஆடி மாதம் தொடங்கினால் மார்கழி வரை காலண்டர் சீசன். என் கைக்கு வருகிற மாதக் காலண்டர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மலைகள். பனி மூடிய மலை, கீழே ஏரி, ஏரியில் ஒரு படகு. அந்த மலைகளுக்கு ஓரம் வெட்டியே எனக்கு இத்தனை வருடம் போயிருக்கிறது. ஒரு வருடம் ஜனவரிக்கு வந்த மலை, அடுத்த வருடம் இடவலமாகத் திருப்பி ஜூனுக்கு வந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. படகு வலப்பக்கம் போயிருந்ததை வைத்து நான் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, மழை விட்ட காலை நேரம், மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. மற்ற நாட்களில் தூசியும் வெயிலும் அதை மறைத்துவிடும். முன்னால் கரிசல் காடு, நடுவில் பட்டாசு கம்பெனியின் வெள்ளை ரூம்கள் தள்ளித் தள்ளி, அப்புறம் அணையின் கரை, அதற்குப் பின்னால் நீலமாக மலை. இதையும் ஒருத்தர் படம் எடுக்கலாமே என்று நினைத்தேன். நான் எடுக்கலாம் என்று நினைக்க எனக்கு மேலும் ஒரு வருடம் ஆனது.

கேமராவை விருதுநகரில் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் பழசாக வாங்கினேன். இயற்கைக் காட்சிக்கு அகலமான லென்ஸ்தான் வேண்டும் என்று அவர் சொன்னார். நானும் அதையே வாங்கினேன். எங்கள் ஊர் நிலத்துக்கு அது சரிப்படவில்லை. மேலே முக்கால் பங்கு வானம், கீழே கால் பங்கு மண், இரண்டுக்கும் நடுவில் நூல் ஓட்டியது போல ஒரு கோடு. அந்தக் கோடுதான் மலை. என் மனைவி பார்த்துவிட்டு, "மலை எங்கங்க? வெட்டும்போது ஓரத்துல போயிருச்சா?" என்றாள்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீளமானதை வாங்கிவந்தேன். அதில் பார்த்தபோது மலை எழுந்து பட்டாசு ரூம்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. அதன் பிறகு அதைக் கழற்றவே இல்லை. ஆனால் நீள லென்ஸுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. கேமரா நூல் அளவு அசைந்தாலும் படத்தில் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், நாலு கலரில் ஒரு கலர் விலகி அச்சானது போல ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு ஓரம் இருந்தது. அச்சில் அப்படி வந்தால் அந்தத் தாளைக் கழித்துவிடுவோம். என்னிடம் இருந்த ஸ்டாண்டு அலுமினியத்தில் செய்த லேசான சாமான். கரிசல் காட்டுக் காற்றில் அது நாணல் மாதிரி ஆடியது. பையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். கல்லும் சேர்ந்து ஆடியது.

அப்போதுதான் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த ஸ்டாண்டைப் பார்த்தேன். நிலம் அளக்கிற சர்வேக்காரர்கள் வைப்பது. மூன்று மரக்கால்கள், மஞ்சள் பெயிண்டு, காலுக்கு இரும்பில் கூர்முனை, அதை மிதித்து மண்ணில் இறக்க ஒரு பட்டை. ஒரு காலில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ நம்பர். தூக்கிப் பார்த்தேன், அரை மூட்டை அரிசி கனம் இருக்கும். அதன் திருகு கட்டைவிரல் பருமன், கேமராவின் அடியில் இருக்கிற துளையோ பென்சில் நுழைகிற அளவு. லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு துண்டு கடைந்து வாங்கி இரண்டையும் சேர்த்தேன். மண்ணில் மிதித்து இறக்கி வைத்தால் காற்றடித்தாலும் அசையாது. கையும் படக்கூடாது என்பதற்காகப் பட்டனை அழுத்தினால் இரண்டு வினாடி கழித்து எடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். முதல் தடவை எடுத்த படத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரே ஓரம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

புரட்டாசி கடைசியில் நல்ல மழை பெய்தது. வெம்பக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ரோட்டை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அங்கே ஸ்டாண்டை ஊன்றினேன். வேலிக்கருவை முள்ளுக்குப் பயந்து காக்கி பேண்டு போட்டிருந்தேன். தலையில் தொப்பி.

சூரியன் எனக்குப் பின்னால் வந்து மலையின் உச்சியைத் தொட்டது. அந்த வெளிச்சம் ஐந்து நிமிடம்தான் இருக்கும். நான் கேமராவில் கண்ணை வைத்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். தலையில் துண்டு.

"சார், ரோட்டுக்கு அளக்கீகளா?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இல்ல, சோலாருக்கா சார்? பக்கத்து ஊருல போன வருசம் இப்படித்தான் கால ஊன்டுனாக. அடுத்த மாசம் நின்ன பயிரோட கல்லப் பதிச்சிட்டுப் போய்ட்டாக. வெதச்சது அம்புட்டும் மண்ணோட போச்சு." கீழே கையைக் காட்டினார். "அந்தா, நடுவுல கெடக்கே, அது நம்ம காடு. டிராக்டரு முறை இன்னும் நமக்கு வரல. மத்தவுக எல்லாம் வெதச்சுட்டாக. நான் வெதைக்கவா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க சார்."

இல்லை, நான் படம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வார்த்தை கூட இல்லை. புது ஆளிடம் பேசவேண்டும் என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், அது சின்ன வயதிலிருந்தே உள்ளது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. அவர் என்னை சார் என்று கூப்பிட்டார். அச்சகத்தில் என்னைக் கட்டிங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மனிதர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னை சார் என்றபோது, அதை உடனே தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு மறுபடியும் கேமராவில் குனிந்துகொண்டேன். அவர் துண்டைத் திரும்பத் தலையில் கட்டிக்கொண்டார். அப்புறம், "சொல்லக் கூடாதுன்னு மேல சொல்லியிருப்பாக. சரி சார்," என்று இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறும் போனேன். அதே மேடு, ஸ்டாண்டின் கால் ஊன்றிய அதே மூன்று குழி. அவர் மடியில் வெள்ளரிக்காய் வைத்துக்கொண்டு வந்தார். துடைத்து என் கையில் கொடுத்தார். "மேற்க இருந்து அளக்க ஆரம்பிச்சா நம்மளுது தப்புமா சார்?" என்றார். நான் வெள்ளரிக்காயைத் தின்றேன். அதை எழுதும்போது இப்போது கூசுகிறது. மூன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம், அச்சகத்தில் டிசைன் போடுகிற பெண்ணிடம் கேமராவின் மெமரி கார்டைக் கொடுத்துப் படங்களைப் பெரிய திரையில் காட்டச் சொன்னேன். எனக்கு மகள் வயது, ஆனால் அண்ணே என்றுதான் கூப்பிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஸ்டாண்டை ஒரே குழியில் வைத்ததால் மூன்றிலும் மலை ஒரே இடத்தில் இருந்தது. முதல் படத்தில் எல்லாக் காடும் கறுப்பு. இரண்டாவதில் பச்சையாக ஊசிப் புள்ளிகள். மூன்றாவதில் வரிசை வரிசையாக மக்காச்சோளம்.

"அண்ணே, இந்த ஒரு கட்டம் மட்டும் ஏன் கறுப்பாவே இருக்கு?" என்றது. "அழகாத்தான் இருக்கு. காலண்டர் அடிச்சா இதுல கடைப் பேரு போடலாம்."

அந்தக் கட்டம் யாருடைய காடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

செவ்வாய்க்கிழமை லீவு சொன்னேன். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. சீசனில் லீவு கேட்டதே இல்லை என்பதால் என்ன ஏது என்று கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். ஸ்டாண்டையும் கேமராவையும் டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெரியவரின் வீடு காட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். பட்டாசு கம்பெனிக்கு லீவு விட்டுவிட்டதால் அவர் மனைவியும் இருந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர்.

"வாங்க சார், வாங்க. ஏளா, நாக்காலிய எடு," என்றார்.

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அண்ணாச்சி, நான் சர்வேக்காரன் இல்ல. சும்மா போட்டோ எடுக்க வந்தேன். ரோடும் இல்ல, சோலாரும் இல்ல. நீங்க வெதைங்க."

அவர் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா? வெளிய தெரியக் கூடாதுன்னு மூடி மறைக்காக."

"இல்ல அண்ணாச்சி, நெசமா. இந்தா பாருங்க, மலையத்தான் எடுத்திருக்கேன்."

"சர்வேக்கும் போட்டோ எடுப்பாகள்ல?"

"ஒரு மலைய எதுக்குய்யா மூணு வாரமா எடுக்கணும்? அது எங்கயும் ஓடியா போகுது?" என்றார் இன்னொருவர்.

நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் உறுதியானது. அடுத்த படத்தைக் காட்டுவதற்காக இடது கையையும் சேர்த்துக் கேமராவைப் பிடித்தேன். அந்தக் கையை நான் பெரும்பாலும் பைக்குள் வைத்திருப்பேன். ஆள்காட்டி விரலில் நகக்கண் வரைதான் இருக்கிறது, மிச்சம் மிஷினில் போனது. அவர் மனைவி என் விரலையே பார்த்தார்.

"நீங்க கட்டிங் மிஷினுல நிக்கீகளா?" என்றார்.

"ஆமாக்கா. சிவகாசியில."

"எங்க அண்ணனுக்கும் இதே விரலுதான், இதே அளவுதான்." அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "சாராம்ல சாரு! பிரஸ்ஸுல பேப்பர் வெட்டுற ஆளப் போயி சாருன்னு வெள்ளரிக்காயக் குடுத்துட்டு வந்திருக்கீக. எம்புட்டு அடிச்சுக்கிட்டேன், வெதைய வாங்குங்கன்னு!"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மஞ்சள் காலைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏம்ய்யா, அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கூச்சமா இருந்துச்சு, அண்ணாச்சி."

"கூச்சமா? நீரு கூச்சப்பட்டதுக்கு எங்காடு தருசாக் கெடக்கணுமா?"

சார் என்று கூப்பிட்டது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. அதை இங்கேதான் எழுதுகிறேன்.

அவர் மனைவி காட்டில் இறங்கிக் காலால் மண்ணைக் கிளறினார். முந்தின நாள் ஒரு மழை பெய்திருந்தது. "ஈரம் இருக்கு. இன்னைக்கு விட்டா நாளைக்கு இருக்காது," என்றார். "மக்காச்சோளத்துக்கு நாளு போச்சு. மல்லி போடலாம். பொழைச்சா பொழைக்கட்டும்."

சிரித்தவர்களில் ஒருவர் டிராக்டருக்குப் போன் போட்டார். கொத்தமல்லி விதையைத் தரையில் பரப்பி, செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்தார்கள். நானும் உட்கார்ந்து தேய்த்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. டிராக்டர் ஓட்டின இடத்தில் அந்த அக்கா விதையை வீசிக்கொண்டு போக, நான் விதைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். என் செருப்பில் கரிசல் மண் அப்பி அப்பி ஸ்டாண்டைவிடக் கனமாகிவிட்டது. முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. கிளம்பும்போது அக்காதான், "இந்த மஞ்சக் காலத் தூக்கிட்டு மேட்டுல நிக்கப் போறதா இருந்தா, மொதல்ல இங்கன வந்து சொல்லிட்டுப் போங்க," என்றார்.

விதைத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, இன்று காலை மேட்டுக்குப் போகாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கேமரா கொண்டுபோகவில்லை. அவர் காட்டின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "வாரும்," என்றார். சார் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றிலும் மற்றவர்களின் மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. எங்கள் முன்னால் மண் அங்கங்கே மயிரிழை போல வெடித்திருந்தது. ஒரு வெடிப்பில் ஏதோ வெள்ளையாக இருந்தது. முளையா, வேரா என்று எனக்குத் தெரியவில்லை.

"மொளையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் விரலால் மண்ணை ஒதுக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடினார்.

"மொளைதான். ஒண்ணு மொளச்சா போதுமா? நாலு நாளு கழிச்சு வாரும், சொல்லுதேன்."

வியாழக்கிழமை வேலை முடிந்து போகவேண்டும்.

ஐப்பசி 24, ஞாயிற்றுக்கிழமை.