மூன்றில் பாடுகிற மெஷின்

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் தாக் சாங்தூ அதன் ஒட்டுநாடாவை நகத்தால் நெருடிப் பார்க்கிறார். ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டியிருந்தால் அட்டையின் தோல் நாடாவோடு எழும்பியிருக்குமாம். எழும்பவில்லை. அடுத்து உள்ளேயிருந்து, உலோகம் தேய்க்கிற ஆங்கிள் கிரைண்டரை எடுத்து, அதன் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து இழுக்கிறார். ஏற்கெனவே ஓடின மெஷின் என்றால் கார்பன் கருகின வாடை அடிக்குமாம். அடிக்கவில்லை. டிஸ்க் மாட்டும் தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுகிறார். திருகாணிகளின் தலையில் கீறல் தேடுகிறார்.

"புதுசுதான் போல," என்கிறார் கடைசியில், ஏமாந்துபோன குரலில்.

கொரியாவின் தேகு நகரத்துப் புக்சோங்ரோவில், பட்டறைச் சாமான் விற்கும் தெருவில், எல்லாரும் எல்லாருக்கும் முதலாளிதான். ஒற்றை வெல்டிங் மெஷின் வைத்திருப்பவரும் முதலாளி, அவருக்குக் கையுறை விற்கிறவளும் முதலாளி. அப்படிக் கையுறை முதல் கிரைண்டர் வரை விற்கிற முதலாளி மா இன்சுக். கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவள். ஆனால் தாக் பெட்டியை நெருட ஆரம்பித்தால் அவளுக்கே தன் சரக்கின் மேல் சந்தேகம் வந்துவிடும். விலையைக் குறைத்தால், "ஏன் குறைக்கறீங்க? உள்ள என்ன கோளாறு?" என்பார். குறைக்காவிட்டால், "எனக்கு மட்டும்தான் இந்த விலையா?" என்பார்.

வருகிறவர்களுக்கு அவள் காகிதக் கோப்பையில் பால்பொடிக் காப்பி கலந்து கொடுப்பது வழக்கம். தாக் அதைத் தொடமாட்டார். "காப்பி குடிச்சவன் வாயால குத்தம் சொல்ல முடியாதுல்ல, அதுக்குத்தானே குடுக்கறீங்க?" என்று பக்கத்தில் வைத்துவிடுவார். கிளம்பும்போது, ஆறி அவலான அந்தக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போவார். கடை வாசலுக்கு மேலே, வியாபாரம் செழிக்க வெள்ளை நூல் சுற்றிக் கட்டித் தொங்கவிட்ட கருவாடு ஒன்று இருக்கிறது. அதையும் அவர் விடவில்லை. "போன வருஷம் தொங்கின மீன்தானா இது? அதுக்கு வாய் இவ்வளவு பொளந்திருக்கலையே."

குள்ளமான ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. தீப்பொறி பட்டுப் பட்டு இடது புருவம் பாதிதான் இருக்கிறது. சட்டையின் உள்பையில், கைக்குட்டையில் சுற்றி, உள்ளங்கை அகல எவர்சில்வர் தகடு ஒன்றை வைத்திருக்கிறார். மெஷினைச் சோதிப்பதற்கு அவருடைய தகடுதான் வேண்டும். கடைத் தகட்டை நம்பமாட்டார்.

எவர்சில்வர் ரோஷமான உலோகம். டிஸ்க் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் போதும், சூடேறி மஞ்சளாகும், பிறகு நீலமாகும். அந்தக் கறை லேசில் போகாது. அதற்காகத்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்க மெஷினின் வாலில் ஒரு சிறு சக்கரம், அதில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்கள். மூன்றில் வைத்து ஓட்டினால் எவர்சில்வர் கண்ணாடியாகும். தாக் அந்த எண்களை மதிப்பதில்லை. சக்கரத்தைத் திருகிக்கொண்டே போவார். மெஷின் சன்னமாகக் கூவத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவார். அதுதான் அவருடைய மூன்று.

"நம்பர் கம்பெனிக்காரன் எழுதினது. காது எங்கம்மா குடுத்தது. நான் யாரை நம்பட்டும்?"

அந்தக் காதை நம்பித்தான் இந்த வசந்தத்தில் அவர் மாட்டிக்கொண்டார். புதிதாக எழும்பும் ஒரு முதியோர் மன்றத்துக்கு மாடிப்படிக் கைப்பிடிகள் செய்யும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அவரும் மனைவி கியேசுன்னும் மட்டும் இருக்கிற பட்டறைக்கு அது பெரிய வேலை. அனுப்பிய கைப்பிடிகள் நீலம் பாய்ந்திருக்கின்றன என்று ஒப்பந்தக்காரர் திருப்பி அனுப்பினார். மறுபடி செய்து கொடுத்தார், மறுபடியும் நீலம். இன்னொரு தடவை நீலம் பாய்ந்தால் வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். தாக்கின் பார்வையில் குற்றவாளி இன்சுக் விற்ற மெஷின். ஒன்றைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். அதையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

"மூணுல சத்தமே இல்ல, ஊமை. அஞ்சுக்கு மேல போனாத்தான் பாடுது. மோட்டார்ல தாமிரத்தைக் குறைச்சுட்டு ஏமாத்தறாங்க. உங்களுக்கும் அதுல பங்கா?"

"வேகம் அளக்கற மீட்டர் இருக்கு முதலாளி. வச்சுக் காட்டட்டா?"

"மீட்டரை யாரு செஞ்சான்? அவன் தம்பிதானே!"

இன்சுக்குக்கும் சந்தேகம் வந்தது. வாங்கிப்போய் வேலையை முடித்துக்கொண்டு, குறை சொல்லித் திருப்பித் தருகிற ஆட்களை அவளுக்குத் தெரியும். தெருக்கோடிக் கடைக்காரன் அவளுடைய பெயரைக் கெடுக்க இவரை ஏவி விட்டிருப்பானோ என்றுகூட யோசித்தாள். அவளிடமும் ஒரு மறைப்பு இருந்தது. குளிர்காலத்தில் சுவிட்ச் கெட்டுப்போய் தாக் அவளிடம் பழுதுபார்க்கக் கொடுத்த பழைய கிரைண்டர், கல்லாவுக்கு அடியில் சரியாகித் தயாராக இருந்தது. சொன்னால் புதுசு வாங்கமாட்டாரே என்று வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று காலை கியேசுன்னும் கூட வந்திருந்தாள். பட்டறையில் குழாயின் ஒரு முனையை அவர் தேய்க்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். பேச்சு குறைவு. பேசினால் சண்டைக்காரி மாதிரி உரக்கப் பேசுவாள். கொஞ்ச நாளாகத்தான் இந்தப் பழக்கம் என்பது இன்சுக்குக்கு அப்போது உறைக்கவில்லை.

"இன்னைக்கு நான் மெஷினைப் பாக்கவே போறதில்ல," என்றார் தாக். "கண்ணு பார்த்தா மனசு மயங்கும். நான் தெருவைப் பாத்து நிக்கிறேன். நீங்க அலமாரிக்குப் பின்னால ஒவ்வொண்ணா மூணுல வச்சு ஓட்டுங்க. எது பாடுதோ அது எனக்கு. பாடலைன்னா வாங்கினதுக்குப் பணத்தை எண்ணி வச்சிடணும்."

"உங்க பழைய மெஷின் பாடுமோ?"

"அதுவா? மூணுல வச்சா எதிர்த்த கடைக்காரர் கொழுக்கட்டைச் சட்டியை விட்டுட்டு எட்டிப் பாப்பாரு!"

சொல்லிவிட்டு வாசலில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இன்சுக் முதல் மெஷினை ஓட்டினாள்.

"ஊமை."

இரண்டாவதை ஓட்டினாள்.

"இதுவும் ஊமை. ஈ முனகற மாதிரி இருக்கு."

இன்சுக்குக்கு ரத்தம் தலைக்கேறியது. இரு, உன் பொய்யை இப்போதே உரித்துக் காட்டுகிறேன் என்று குனிந்து, அவருடைய பழைய மெஷினை எடுத்தாள். அதன் சக்கரத்தில் எண்கள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. பாதித் திருகில் வைத்துச் சுவிட்சைத் தட்டினாள். அது போட்ட கூச்சலில் அவளுக்கே பல் கூசியது. நாற்காலியில் இருந்த கியேசுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஊமை!" என்றார் தாக், தெருவைப் பார்த்தபடி. "மூணும் ஊமை. எடுங்க பணத்தை."

இன்சுக் ஜெயித்துவிட்டாள். சொல்ல வேண்டிய வாக்கியமும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அப்போதுதான் எதிர்க்கடையில் ஆவி பறக்கும் சட்டிக்குப் பின்னாலிருந்து கொழுக்கட்டைக்காரர் தலையை நீட்டினார். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, "காலங்காத்தால ஏன்யா உயிரை வாங்கறீங்க?" என்று கத்தினார்.

தாக்கின் முதுகு அசையவே இல்லை. அவர் கொழுக்கட்டைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லத் திரும்பினார். இன்சுக்கின் கையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த மெஷினையும், அதன் பிடியில் தானே என்றோ சுற்றிய பச்சை நாடாவையும் பார்த்தார்.

இன்சுக் சுவிட்சை அணைத்தாள். தயாராக வைத்திருந்த வாக்கியத்தை விழுங்கினாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொய்யனைப் பிடிக்கப் போய் எதைப் பிடித்துவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"இது எப்ப சரியாச்சு?" என்று கேட்டார் தாக்.

"போன வாரமே முதலாளி. சொல்லாதது என் தப்புதான்."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவர் எதையாவது குடையாமல் விட்டது அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மனைவியிடம் போனார்.

"உனக்குக் கேட்டுச்சா?"

கியேசுன் தலையாட்டினாள்.

"நல்லாவே?"

"நல்லாவே கேட்டுச்சுங்க."

"எனக்குக் கேக்கலைன்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"டிவியை அவ்வளவு சத்தமா வைக்க ஆரம்பிச்சீங்களே, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா?" அவள் குரல் வழக்கம்போல் உரக்கத்தான் வந்தது, ஆனால் அதில் சண்டை இல்லை. "நான் பொய் சொல்றேன்னு சொல்லியிருப்பீங்க. அண்டை வீட்டுக்காரி சொல்லிக் குடுத்தாளான்னு கேட்டிருப்பீங்க."

தாக் துண்டால் முகத்தைத் துடைத்தார்; வேண்டியதைவிட நெடுநேரம் துடைத்தார். பிறகு பழைய மெஷினைக் கையில் வாங்கி, தேய்ந்து மழுங்கின சக்கரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அதைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு புது மெஷின்களிடம் போனார். இம்முறை முகரவில்லை, ஆட்டவில்லை. சக்கரங்களை மட்டும் பார்த்தார். அந்த இரண்டு மெஷின்களில், எண்கள் பெரிதாகவும் வெள்ளையாகவும் இருந்ததை எடுத்தார்.

"பழசுல நம்பர் போயிடுச்சு. இனி எனக்கு நம்பர் வேணும்," என்றார். "முதலாளியம்மா, இதுல மூணுன்னா மூணுதானா?"

"மூணுதான் முதலாளி."

"நாலு இல்லையே?"

"சத்தியமா இல்ல."

சக்கரத்தை மூன்றில் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி ஒருமுறையும், இறக்கி ஒருமுறையும் பார்த்தார். உள்பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்துத் தன் எவர்சில்வர் தகட்டை எடுத்து, கடை மேஜையில் இருந்த இரும்புப் பிடியில் வைத்து இறுக்கினார். மெஷினை இன்சுக்கிடம் நீட்டினார். இதுவரை அவருடைய தகட்டை வேறு யாரும் தேய்த்ததில்லை.

"நீங்க தேயுங்க. நிறம் மாறுதான்னு நான் பாத்துக்கறேன்."

இன்சுக் விரலைச் சுவிட்சில் வைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் அவர்.

நாற்காலிக்குப் பின்னால் போனார். கியேசுன்னின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, காய்ப்புக் காய்த்த இரண்டு உள்ளங்கைகளாலும் அவளுடைய காதுகளை இறுகப் பொத்தினார்.

"இப்ப ஓட்டுங்க."