தேவராஜ் அண்ணன் பந்தியும் நான் கட்டிய கட்டங்களும்

வெப்சைட்டுக்குக் கட்டம் கட்டிப் பிழைப்பவனுக்கு நிம்மதி என்பது யாராவது அடுத்த பட்டனை அமுக்கும் வரைக்கும்தான். பெயர், அளவு என்று நீங்கள் நிரப்புகிறீர்களே, அந்தக் கட்டங்களைத்தான் சொல்கிறேன். எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாதபோது, கேட்கக் கேட்க, வெப்சைட்டை நடத்தும் கம்ப்யூட்டரான சர்வரே உண்டாக்கித் தரும்படி புரோகிராம் எழுத வேண்டும். இதைச் செய்து அழுத சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எங்கள் அம்பத்தூர் ஆபீசுக்கு வந்த கஸ்டமர், சமையல் காண்ட்ராக்டர் தேவராஜ் அண்ணன். ஆர்டரை வாயால் வாங்கி வாங்கி சண்டை முற்றிப்போய், இனி எல்லாரும் வெப்சைட்டிலேயே போடட்டும் என்று முடிவெடுத்தவர். வில்லங்கம் என்னவென்றால், அதில் வரப்போகும் முதல் ஆர்டரே என் தங்கச்சி ரிசப்ஷன். நான் சொதப்பினால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இலை காலி.

காணாமல் போன சாம்பார்

முதல் டெமோ. 'இன்னொரு ஐட்டம்' என்ற பட்டனை அமுக்கினால் புதுக் கட்டம் முளைக்க வேண்டும். முளைத்தது. அண்ணன் ஒற்றை விரலால் 'சாம்பார்' என்று அடித்து, மறுபடி அமுக்கினார். சாம்பார் மாயம்! அதே இடத்தில் காலிக் கட்டம் ஒன்று பல்லை இளித்தது. அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, நான் போட்ட சாம்பார எவன் துன்னான்?"

பர்வீன் வைத்தியம்

பக்கத்து சீட் பர்வீன் பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வருகிறவள். ஆகவே யார்மேலும் இரக்கம் கிடையாது. என் திரையை எட்டிப் பார்த்துப் பாடம் எடுத்தாள். பட்டனை அமுக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் பக்கத்தை முதலிலிருந்து கட்டுகிறது. முன்னால் எத்தனை கட்டம் கேட்டார்கள் என்பது அதற்கு நினைவிருக்காது. அந்த எண்ணிக்கையை நாம்தான் சேமித்து வைத்து, பழைய கட்டங்களையும் திரும்பக் கட்ட வேண்டும். "இது எனக்கும் தெரியும், மறந்துட்டேன்" என்றேன். அதற்கு அவள்:

"சர்வரும் நீயும் ஒரே ரகம்டா சீனு, காலைல சொன்னது மதியானம் ஞாபகம் இருக்காது."

ஜிலேபியில் கை

சாம்பார் நிலைத்துவிட்ட சந்தோஷத்தில் 'நீக்கு' பட்டனும் வைத்தேன். சும்மா இருந்திருக்கலாம். அண்ணன் ரசத்தை நீக்கினார். ரசம் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் இருந்த ஜிலேபி போய்விட்டது. ஒரு கட்டம் குறையணும், குறைந்துவிட்டது, அவ்வளவுதான் சர்வருக்கு. எது குறையணும் என்று நான் எழுதவே இல்லை.

"ரசம் வேணான்னா ஜிலேபில கை வெக்கிறியே நைனா, உன் தங்கச்சி கல்யாணம்னு நெனப்பு கீதா இல்லியா?"

மேனாம்பேடு மண்டபம்

அதையும் சரிசெய்தேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து அப்பா தன் போனில் ஆர்டர் போட்டார். 'பதிவாகிவிட்டது' என்று வந்தது. ரிசப்ஷன் அன்று மேனாம்பேடு மண்டபத்தில் இலையில் ஒன்றுகூடக் குறையவில்லை. சம்பந்தி ஜிலேபியை இன்னொரு முறை கேட்டு வாங்கினார். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அண்ணனிடம் போய், "எப்படிண்ணே நம்ம வெப்சைட்?" என்றேன்.

அண்ணன் தன் போனை நீட்டினார். வந்திருந்த ஆர்டரில் ஒரே ஒரு ஐட்டம்: வெத்தலை பாக்கு. நல்ல காரியமாயிற்றே என்று அப்பா அதை முதல் கட்டத்தில் போட்டிருக்கிறார். மீதிக்கும் முதலிலேயே கட்டங்களை வரவழைத்துவிட்டு, நடுநடுவே சொந்தக்காரர்களுக்குப் போனில் அழைப்பு சொல்லிக்கொண்டே மதியம் முழுக்க அடித்திருக்கிறார். அவ்வளவு நேரம் சர்வர் காத்திருக்குமா? நான் சேமித்து வைத்த எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதல் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. "அப்ப இவ்ளோ சாப்பாடு எப்படிண்ணே?" என்றேன்.

"உங்கம்மா அன்னிக்கே போன் பண்ட்டாங்கபா. 'அது எம்புள்ள செஞ்சது, அத்த நம்பாதீங்க'ன்னு ஒண்ணொண்ணா வாயாலயே சொல்ட்டாங்க."

ஆக, சக பாவிகளே, எத்தனை டெமோ காட்டினாலும் நம் வேலையின் லட்சணம் முதலில் தெரிவது நம்மைப் பெற்றவளுக்குத்தான்.