எந்த வேனில் ஏறுவது

சண்முகத்தாயின் ஊரில் வேலையை விடுவதற்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் அது. காலை ஏழரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டி முன்னால் நான்கு வேன்கள் வந்து நிற்கும். இரண்டு பட்டாசு ஆலைகளுக்கு, இரண்டு சிவகாசியின் காலண்டர் அச்சகங்களுக்கு. நேற்று ஏறிய வேனை விட்டுவிட்டு இன்று பக்கத்து வேனில் ஏறிக்கொண்டால், பழைய வேலை முடிந்தது. யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட ஊரில் பதினாறு வருடம் ஒரே வேனில் ஏறியவர் அவர். எங்கள் அச்சகத்தில் தினசரி காலண்டருக்கு மாதவாரியாகத் தாள்கட்டுகளை அடுக்குவது அவர் வேலை. நான் மேலே அலுவலகத்தில் ஆர்டர்களுக்குப் பதில் எழுதுகிறேன். ஏன் மாறவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் சீசனில் அவர் ஜூலைக் கட்டை ஜூனுக்கு முன்னால் வைத்துவிட்டாராம். கண்டுபிடிப்பதற்குள் முந்நூறு காலண்டருக்கு மேல்விளிம்பில் தகரம் அடித்தாகிவிட்டது. மேலாளர் செந்தூர்பாண்டி வந்து ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

“ஏந்தாயி, ஆடியை ஒரு மாசம் முந்தியே கொண்டாந்துட்டீகளே! புதுமாப்பிள்ளைக எல்லாம் சண்டைக்கு வந்துருவாகளே, என்ன பதில் சொல்லப் போறீக?”

சண்முகத்தாய் அடக்கி வைத்திருந்த அழுகை சிரிப்பாக வெடித்தது. செந்தூர்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தகரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

“அதுக்கப்புறம் எம்புட்டு வேன் வந்தாலும் கால் அங்கன போகலம்மா” என்றார் சண்முகத்தாய்.

சென்ற ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை வெளியிட்ட கையோடு செந்தூர்பாண்டி விருதுநகர் யூனிட்டுக்குப் போனார். அவர் இடத்துக்கு முதலாளியின் தங்கை மகன் மணிகண்டராஜ் வந்தார். இருபத்தாறு வயது, கோயம்புத்தூரில் படித்தவர். கேமராவும் மைக்கும் வைத்தார். மேலே எங்கள் அலுவலகத்துக் கண்ணாடி அறையில் இருந்தபடியே, “மூணாவது வரிசை, என்ன சிரிப்பு?” என்பார். சண்முகத்தாயோடு அதே வேனில் வரும் சின்னத்தாய் ஒரு கட்டை மாற்றி வைத்தபோது அவள் பெயரும் ஊரும் மைக்கில் வந்தன. மறுநாள் அவள் பக்கத்து வேனில் ஏறினாள். பதினான்கு பேர் வந்த வேனில் ஐப்பசிக்குள் ஐந்து பேர்தான். காய்ச்சல், களையெடுப்பு என்று டிரைவர் சொல்லிவைத்ததையெல்லாம் மணிகண்டராஜ் நம்பினார்.

ஒருநாள் சண்முகத்தாய் முழங்காலைத் தேய்த்துக்கொள்ளக் கொஞ்சம் நிறுத்தினார். “சண்முகத்தாய், கை நிக்குது” என்றது மைக். அதே வரிசையில் இருந்த அவர் மருமகள் பாண்டிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலை முடிந்ததும் சண்முகத்தாய் மேலே மணிகண்டராஜிடம் வந்தார். அதுவரை யாரும் செய்யாத காரியம்.

“தம்பி, நாளைக்கு நான் பக்கத்து வேன்ல ஏறப்போறேன். சொல்லாமப் போக மனசு வரல.”

“என்னக்கா சொல்றீங்க? கூலி பத்தலையா?”

“கூலி எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். எம்மருமக முன்னாடி எம்பேரைக் கூவுறீக. இனி வீட்டுல நான் ஒரு சொல்லு சொன்னா அவ மதிப்பாளா?”

“அப்ப மத்தவங்க? களையெடுக்கப் போயிருக்காங்கன்னு...”

“மூணு மாசமா களையெடுக்க எங்கூர்ல எம்புட்டுக் காடு தம்பி இருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டேன். மணிகண்டராஜ் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

மறுநாள் நடந்ததைப் பாண்டிலட்சுமிதான் சொன்னாள். எங்கள் வேனின் முன்சீட்டிலிருந்து மணிகண்டராஜ் இறங்கினாராம். நேரே பக்கத்து வேனுக்குப் போய், ஜன்னலோரம் இருந்த சின்னத்தாயிடம், “அன்னைக்கு மைக்ல சொன்னது தப்புக்கா” என்றாராம்.

“மைக் இல்லாட்டி உங்க குரல் இம்புட்டுத்தானா?” என்று அவள் கேட்க, அந்த வேனே சிரித்திருக்கிறது. அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை.

சண்முகத்தாய் அந்த வேனின் படியில் ஒரு காலை வைத்திருந்தார். எடுத்துவிட்டார்.

“இன்னைக்கு ஒரு நாள் வாரேன். நாளைக்குப் பாப்போம்.”

இப்போது மார்கழி. சின்னத்தாய் இன்னும் வரவில்லை. மைக், டீ வந்துவிட்டதைச் சொல்ல மட்டும் பேசுகிறது. தினமும் சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது, “நாளைக்குப் பாப்போம்” என்று டிரைவரிடம் சொல்லாமல் சண்முகத்தாய் வீட்டுக்குப் போவதில்லையாம்.