மருமகனின் அணிவகுப்பைக் காட்டிய நாள்

என் தங்கை சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அந்தச் சின்னத் தீவில் ஆண்பிள்ளை என்றால் இரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தே தீர வேண்டும். அவள் மகன், என் மருமகன், முதல் பயிற்சி முடித்த அன்று நடந்த அணிவகுப்பை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். கரண்ட் இருந்த நேரம் பார்த்து அதை இறக்கிக்கொண்டு, கிருத்திகை அன்னதானத்துக்குக் கோயிலுக்குப் போனேன். முருகனை முழுசாகக் கும்பிட்டேனோ என்னவோ, மடப்பள்ளிக்குப் போய்ப் போனை எடுத்துவிட்டேன்.

பூட்ஸ் சத்தம் மடப்பள்ளி முழுக்கக் கேட்டது. பையன்கள் ஒன்றாகத் தொப்பியை மேலே எறிந்தார்கள்.

"மாமன் நெஞ்சு எப்புடி நிமிந்திருக்கு பாருங்கய்யா," என்றார் சோறு வடித்துக்கொண்டிருந்த பெரியவர். "உம்ம கையில துப்பாக்கியக் குடுத்தா, கரண்டின்னு நெனச்சு சாம்பாரக் கிண்டுவீரு."

எல்லோரும் சிரித்தோம். காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் நிமிரவில்லை.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். ஒரே மகன், லைங் தாயா தொழிற்பேட்டையில் தையல் ஃபேக்டரி வேலை. போன வருஷம் இங்கே பர்மாவில் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் குலுக்கல் சீட்டில் அவன் பெயர் விழுந்தது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, எம்புள்ள நாலே நாளு ஒங்க பரண்ல இருக்கட்டும். அதுக்குள்ள எங்கயாச்சும் அனுப்பி வச்சிர்றேன்."

ராத்தங்கும் ஆளின் பெயரை வார்டு ஆபீசில் பதிய வேண்டும். பதியாமல் வைத்து மாட்டினால் நானும் உள்ளே. அதைச் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறதம்மா என்றாவது சொல்லியிருக்கலாம். "முருகன் பாத்துக்குவாம்மா" என்று திருநீறு கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் பட்டாளத்து ஆட்கள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதை மறந்தா வீடியோ காட்டினேன்? மறக்கவில்லை. அவர் அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்தே பார்க்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

வீடியோ முடிந்ததும் அவர் கேட்டார். "அண்ணே, அங்க புள்ளைங்கள வீட்டுக்குப் பேச விடுவாங்களா?"

"பேசுறதா? வாராவாரம் வீட்டுக்கே வந்துருவாம்மா. தங்கச்சிதான் யூனிபாரம் தொவைக்கிறா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் மகனிடமிருந்து ஐந்து மாதமாக ஒரு போன்கூட இல்லை.

"தொவைக்கிறாளா," என்றார். நறுக்கிய காயைத் தட்டில் ஒதுக்கினார். "குடுத்து வச்சவ."

பந்தியில் என் இலைக்கு அவரே பரிமாறினார். எனக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்க் கூட்டு இன்னொரு கரண்டி வைத்தார். குனிந்தபடியே சொன்னார்: "மருமவன் லீவுல இங்க வந்தா, அந்த உடுப்போட வர வேணாம்னு சொல்லுங்கண்ணே. பாக்குறவங்களுக்கு நம்ம புள்ளைன்னு தெரியாது, இங்கத்தப் பட்டாளத்தான்னு நெனச்சு ஏதாச்சும் பண்ணிருவாங்க."

அவர் பிள்ளைக்குப் பரணில் நாலு நாள் இடம் தராதவன் நான். என் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அவர் கவலைப்படுகிறார். சாமி சோற்றை வீணாக்கினால் பாவம் என்று தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினேன்.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். "எல்லார்கிட்டயும் காட்டுனியாண்ணே? என்ன சொன்னாங்க?"

"ரொம்பச் சந்தோஷப்பட்டாங்கம்மா," என்றேன். நெற்றியில் அன்றைய திருநீறு அப்படியே இருந்தது.