சூறாவளி அடித்த ஒரே கோல்

போன ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேருடைய கோபத்துக்கு ஆளானேன். ஒரே பஸ்ஸில்... ஒன்றரை மணி நேரம்... இறங்கி ஓடவும் வழியில்லாமல்!

நான் செய்த குற்றம்? ஒரு கொடியைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

ஷார்ஜா ரோலாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு ஏசி பராமரிப்பு பார்ப்பவர் செல்வம். சிவகங்கைப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். தான் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர்களைச் சேர்த்து ஒரு ஃபுட்பால் டீம் நடத்துகிறார். பெயர் 'சூறாவளி'. கம்பெனித் தொழிலாளர்களுக்கான சின்ன லீக் ஒன்றில் ஆடுகிறார்கள். இந்த சீசனில் எட்டு மேட்ச், எட்டிலும் தோல்வி. அதைக்கூட மன்னிக்கலாம். ஒரு கோல்? ம்ஹூம்... ஒன்றுகூட இல்லை!

"சார், ஞாயித்துக்கிழமை ஃபுஜைராவுல கடைசி மேட்ச். பஸ்ல எடம் இருக்கு, வாங்க சார். அங்கிட்டு மலையாளி டீமு, அவிங்களுக்குச் செண்டை அடிக்கவே அம்பது பேரு வருவாய்ங்க. எங்களுக்குக் கை தட்ட ஒரு ஆளு இல்ல" என்றார் செல்வம்.

தயங்கினேன். வெயில், தூரம், முதுகுவலி என்று காரணங்களுக்கா பஞ்சம்?

"வியாழக்கிழமை என்னய ஓமன்ல சலாலா சைட்டுக்கு மாத்துறாங்க சார். ரெண்டு வருச ப்ராஜெக்ட். டீமோட எனக்கு இதான் கடைசி மேட்ச்."

டீமை ஆரம்பித்தவர், கேப்டன், கோல் அடிக்க வேண்டிய முன்வரிசை ஆட்டக்காரர் — மூன்றும் அவரே. இதுவரை ஒரு கோல்கூட அடித்ததில்லை. இப்படிப்பட்ட மனிதரிடம் முதுகுவலி பற்றியா பேச முடியும்? போனேன்.

கம்பெனி பஸ். உள்ளே பாதிப்பேர் ஏசி மெக்கானிக்குகள். பஸ்ஸில் ஏசி ஓடவில்லை! யாரும் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. டியூட்டி இல்லாத நாளில் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதில்லையாம்.

கோல்கீப்பர் ஆறுமுகம், கேம்ப் மெஸ்ஸில் சமையல்காரர். எல்லோருக்கும் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார். "எனக்குப் பந்து மேல ஒரு கோவமும் கிடையாது சார். அதான் அது பாட்டுக்குப் போயிட்டு வருது" என்றார். சாதம் பிரமாதம்!

மலைச் சாலையில் பஸ் ஏறும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? டிவியில் மேட்ச் பார்த்துச் சேர்த்த ஞானத்தையெல்லாம் கொட்டினேன். உங்களுக்குப் பாஸ் கிளம்பும் நேரத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நிற்கக் கூடாது, நின்றால் ஆஃப்சைடு என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பாவம்.

மைதானத்தில் ரெஃப்ரி — உயரமான சூடான்காரர் — செல்வத்தைக் கூப்பிட்டார். இந்த லீக்கில் கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு டீமும் ஓர் ஆளைத் தர வேண்டுமாம். "கேப்டன், ஒன் மேன், யல்லா!" என்று அவசரப்படுத்தினார்.

செல்வம் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "சாருக்கு எல்லா ரூல்சும் தெரியும்!"

மஞ்சள் கொடி என் கைக்கு வந்தது. தொப்பையோடு கோட்டோரம் ஓட ஆரம்பித்தேன்.

முதல் பாதியில் கோலே இல்லை. ஆறுமுகம் மூன்று பந்துகளைத் தடுத்தார். ஒன்றைக் கையால், இரண்டை வயிற்றால். இரண்டாம் பாதியில் ஃபுஜைரா ஒரு கோல் போட்டது. செண்டை அதிர்ந்தது. சூறாவளி வழக்கம்போல் தலையைத் தொங்கப்போட்டது.

இன்னும் இரண்டே நிமிடம். நடுமைதானத்திலிருந்து ஒரு நீளமான பாஸ். செல்வம் தனியாக ஓடினார். கீப்பர் முன்னால் வந்தார். இடது காலால் ஒரு தட்டு... வலை ஆடியது!

கோல்! பதினேழாவது ஆளாக நானும் கத்தியிருக்க வேண்டும். செல்வம் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நேராக என்னை நோக்கித்தான் ஓடிவந்தார். பாதி வழியில் நின்றார்.

என் கொடி மேலே இருந்தது.

பாஸ் கிளம்பியபோதே அவர் தடுப்பாளரைத் தாண்டி நின்றிருந்தார். பார்த்தேன், கை போய்விட்டது. இதை நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். ஒரு வினாடி யோசிக்கக் கிடைத்திருந்தால் தூக்கியிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை.

"சார்... நம்ம கோலு சார்!"

"ஆஃப்சைடு, செல்வம்."

"எம்புட்டு?"

"ரெண்டடி இருக்கும்."

ரெஃப்ரி விசில் ஊதினார், கோல் செல்லாது. மிச்ச இரண்டு நிமிடமும் ஓடியது, மேட்ச் கலாஸ். ஒன்றுக்குச் சைபர்... ஒன்பதாவது தோல்வி. எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று எனக்குக் கை தட்டினார்கள். "சேட்டா, சூப்பர்!" என்று ஒருவர் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கையில் திணித்தார். வாங்கிய கைதட்டல்களிலேயே மோசமான கைதட்டல் அதுதான்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "அவிங்க ஆளு கொடி பிடிச்சிருந்தாக்கூட விட்டிருப்பான்டா."

சிப்ஸை நீட்டினேன். ஆறுமுகம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ இரண்டு பேருக்கு நடுவில் நியாயம் சொல்வது எவ்வளவு சுலபம்! அந்த இரண்டு பேரில் ஒருவருடைய எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மலை இறங்கியதும் செல்வம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோபமா செல்வம்?"

"கோவம்தான் சார். இல்லைன்னா பொய்யி."

மொபைலை எடுத்து நீட்டினார். வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர் எடுத்த வீடியோ. நீளமான பாஸ், இடது கால், ஆடும் வலை, கைகளை விரித்து ஓடிவரும் செல்வம்... சட்டென்று முடிந்துவிட்டது.

"ஊருக்கு அனுப்பிட்டேன் சார். இந்தா கேளுங்க." ஒரு வாய்ஸ் மெசேஜ். அவர் மனைவி சிரிக்கிறார், பின்னால் ஒரு சின்னப் பெண் குரல் காது கிழியக் கத்துகிறது. "அப்பா கோலு! அப்பா கோலு!"

அதோடு விட்டிருக்கலாம். ஆனாலும் உள்ளே இருக்கும் அந்தக் கொடிக்காரன் சும்மா இருப்பானா?

"இல்ல செல்வம்... கணக்குப்படி அது கோல் இல்லையே..."

"தெரியும் சார். அதான் நீங்க வர்ற எடத்தை வெட்டிட்டேன்."