ஒரு பஸ்ஸும் லேட்டில்லை

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அந்த டைம்கீப்பரைப் பார்த்தேன். தொப்பை மேல் இறுக்கிய காக்கிச் சட்டை. யார் எதைக் கேட்டாலும் மல்லாட்டைப் பொட்டலத்திலிருந்து ஒரு கடலையை உரித்து வாயில் போட்ட பிறகுதான் பதில் வரும்.

அன்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன். என் முகத்தைப் பார்க்காமல் தியேட்டருக்குள் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். நானோ கழிப்பறை வாசல்வரை போவதும், அதற்குள் பஸ் போய்விடுமோ என்று திரும்பி ஓடிவருவதுமாக இருந்தேன்.

"முண்டியம்பாக்கம் பஸ் எப்பங்க? போர்டுல டைமே இல்லியே?"

உரித்தார், மென்றார். "நான்தான் சார் அழிச்சேன். டைம் போட்டிருந்தப்ப தெனம் லேட்டு லேட்டுன்னு ஒரே பேஜாரு. இப்ப பாருங்க, ஒரு வண்டியும் லேட்டில்ல."

"என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன்யா!" என்று கத்தினேன். குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது.

பஸ் வந்ததும் அவரே ஏறி டிரைவரிடம் சொன்னார்: "சார் வூட்ல ஆபரேஷனாம். வழியில யாரையும் ஏத்தாத, ஜல்தியா போ."

வண்டி பறந்தது. மனசுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியே பார்த்தேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கை நீட்டியவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் ஸ்கேன் கவரோடு பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நிறுத்துங்க, அவங்களும் ஆஸ்பத்திரிக்குத்தான்!" என்றேன்.

டிரைவர் திரும்பாமலே, "டைம்கீப்பர் சொல்லிட்டாரு சார், நீங்க பதறாதீங்க" என்றார்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்லியே, டவுன் பஸ்ஸெல்லாம் இப்ப கரெக்டா வருது!"

அந்த டைம்கீப்பரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் தலையாட்டினேன்.